மாடிக்கு ஒரு சுருதி

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கோபம் வரக் கூடாது. வாங்கிப்போன ஆள் மறுபடியும் மறுபடியும் வந்து நின்று, "இன்னும் மங்கலாத்தாங்க தெரியுது" என்றாலும், ஃபிரேமை வாங்கிக் காதுப் பக்கம் கொஞ்சம் வளைத்து, மூக்குப் பக்கம் கொஞ்சம் நிமிர்த்தி, சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். கண்ணாடி அத்தை பல வருடங்களாக அதைத்தான் செய்துவருகிறார். பகலெல்லாம் அடக்கிவைத்த கோபம் எங்கே போகும்? சாயங்காலம் குடியிருப்புக்குள் நுழைந்து, லிஃப்ட் கதவில் தொங்கும் 'பழுது' அட்டையைப் பார்த்ததும் பொங்கிவிடும். அவர் வீடு நான்காம் மாடியில்.

அத்தை என்பது கட்டடத்துப் பிள்ளைகள் வைத்த முறை. பிறகு பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவரைவிட மூத்தவரான வாசல் காவலாளியே "என்ன அத்தை, இன்னைக்கு லேட்டு?" என்றுதான் கேட்பார். அத்தைக்கு அதிலும் கொஞ்சம் கோபம் உண்டு, ஆனால் எத்தனை பேரோடுதான் சண்டை போடுவது?

கட்டடத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தவர் இவர்தான், அதனால் இவருக்குப் பாட்டின்மேல் பைத்தியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாட்டைப் பற்றி அவருக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. அவருக்கு இருந்தது ஆற்றாமை. மகளுக்குச் சின்ன வயதில் பாட்டுக் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. இருந்த ஒரே நல்ல வகுப்பு, இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில். அதுவும் சாயங்காலத்தில். அந்த நேரத்தில் அத்தை கடையில் யாருடைய மூக்குக்கோ அளவு பார்த்துக்கொண்டிருப்பார். கணவர் சரக்கு வேனோடு எங்கேயோ நெடுஞ்சாலையில் இருப்பார். "அடுத்த வருஷம் பாக்கலாம் கண்ணு" என்று சொல்லிச் சொல்லியே மகள் வளர்ந்துவிட்டாள். இப்போது கேட்டால் காதிலிருந்து ஒயரைக்கூட எடுக்காமல், "பாட்டா? அதெல்லாம் எப்பவோ போச்சும்மா" என்கிறாள். அவள் வருத்தப்பட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பழைய செருப்பைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னாள். அதுதான் அத்தைக்குத் தாங்கவில்லை.

அதற்கப்புறம்தான் அவருக்குக் காது திறந்தது. மூன்றாம் மாடித் தையல்காரர் மெஷினை மிதித்துக்கொண்டே பாடுவார், அதுவும் கனத்த குரலில், முறையாகக் கற்றவர். ஐந்தாம் மாடி நர்ஸம்மா துணி காயப்போடும்போது பாடினால் கொடிக் கயிறே தலையாட்டும். கீழே காவலாளி, மத்தியானம் வாசலில் ஆள் நடமாட்டம் குறைந்ததும், அறைக்குள் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து வாசிப்பார். கட்டடம் முழுக்க இவ்வளவு சங்கீதம் இருக்க, இரண்டு பஸ் மாறிப் போக முடியவில்லையே என்று மகளை வீட்டில் உட்காரவைத்தோமே! வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். அத்தை தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். பிறகு, மகளுக்குத்தான் இல்லை, மற்ற பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும் என்று கிளம்பினார்.

கிளம்பினார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். கல்லில் நார் உரித்தாலாவது கொஞ்சம் நார் வந்திருக்கும். தெரிந்த வித்தையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு சாயங்காலம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டதற்கு, ஏதோ சொத்தில் பாதியைக் கேட்டதுபோல் முழித்தார்கள். தையல்காரருக்குத் தலைக்கு மேல் வேலை. நர்ஸம்மாவுக்கு ஷிப்ட். காவலாளி, "எனக்கு என்னங்க தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே, இன்னும் இரண்டு தடவை கெஞ்சட்டும் என்று காத்திருந்தார். அத்தை கெஞ்சினார். மூவரும் வழிக்கு வந்தார்கள்.

அப்புறம் பெற்றவர்கள். "பக்கத்து வீடுன்னா அனுப்பறேன். அஞ்சு மாடி ஏறி இறங்கணும்னா வேண்டாம், லிஃப்ட் வேற நின்னு நின்னு போகுது" என்றார்கள். சரி, அந்தந்த மாடிப் பிள்ளை அந்தந்த மாடியிலேயே கற்றுக்கொள்ளட்டும், ஆள் இல்லாத மாடிப் பிள்ளைகள் கீழே காவலாளியிடம் போகட்டும் என்று அத்தை வழி வகுத்தார்.

இன்னொரு சட்டமும் அவர் போட வேண்டியிருந்தது. தையல்காரர் ஒருமுறை நர்ஸம்மாவின் சீருடைச் சட்டையை இறுக்கமாகத் தைத்துவிட்டார். "தைச்சது சரிதான், நடுவுல நீங்கதான் கொஞ்சம் பூசிட்டீங்க" என்று வேறு சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒருவர் சொல்லிக்கொடுப்பதை இன்னொருவர் நொட்டை சொல்ல ஆரம்பித்ததும் அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். "அவங்கவங்க மாடி, அவங்கவங்க பொறுப்பு. ஒருத்தர் விஷயத்துல இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது." மூக்கு விஷயத்தில் அவர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும். கேட்டார்கள். ஒரு வருடம் சண்டை சச்சரவு இல்லாமல் ஓடியது.

தையல்காரருக்கு வாய்த்த பிள்ளைதான் சிட்டு. எட்டு வயதுப் பெண். அம்மா ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்க்கிறவர். இந்தப் பெண் மாடிப்படியில் நடக்காது, குதிக்கும். குதிக்கும்போது பாடும். அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தையல்காரர் "தலைக்கு மேல் வேலை"யைக் கீழே இறக்கி வைத்தார். கால்சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டே சொல்லிக்கொடுப்பார். ஒரு மழைப் பாட்டைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் இருவரும் விடவில்லை. சிட்டுவைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது.

இரண்டு பஸ் தள்ளியிருந்த அந்த வகுப்பும் இப்போது பெரிதாகி, முழு இசைப்பள்ளி ஆகியிருந்தது. ஒன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் சிலரைச் சேர்த்து, அழைத்துப்போய்க் கொண்டுவந்து விட வண்டியும் கொடுத்து, பள்ளிப் படிப்பு முடியும்வரை சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அத்தை விடுவாரா? ஆசிரியையின் பழைய கண்ணாடியைச் சரிசெய்து கொடுக்கும் சாக்கில் பேச்சுக் கொடுத்து, நச்சரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டடத்துக்கே வரவழைத்துவிட்டார். வேறு யார் தேறினாலும் தேறாவிட்டாலும் சிட்டுவுக்கு இடம் உறுதி என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

கீழ்த்தளக் கூடத்தில் நாற்காலி போட்டார்கள். ஆசிரியை வந்தார். நல்ல மனுஷி, ஆனால் அன்றைக்கே இன்னும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டிய அவசரத்தில் இருந்தார். சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பாடிவிட்டுப் போனார்கள். சிட்டுவின் முறை வந்தது. தையல்காரர் பக்கத்தில் நின்று, தன் குரலில் 'ம்ம்ம்' என்று சுருதி பிடித்துக் கொடுத்தார். சிட்டு கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

முதல் அடி பரவாயில்லை. இரண்டாவது அடியில் பாட்டு கீழே இறங்கும். அங்கே சிட்டுவின் குரலைக் காணோம். வாய் அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, வெறும் காற்று வருகிறது. நடுநடுவே ஒரு உறுமல். பாட்டே தெரியாத அத்தைக்கே ஏதோ தப்பு என்று தெரிந்தது. ஆசிரியை கடைசிவரை கேட்டார். பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தார். "ஆர்வம் இருக்கு. குரல் வரலைங்க. பாட்டு வேண்டாமே, வேற ஏதாவது பழக்குங்க" என்று தாயிடம் சொல்லிவிட்டு, வாசலில் நின்ற வாடகைக் காரில் ஏறினார். கட்டடத்தில் ஒரு பிள்ளையைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அத்தை நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே படிக்கட்டில் யாரோ பாடுவது கேட்டது. அதே மழைப் பாட்டு. சிட்டுதான். மற்ற பிள்ளைகளோடு குதித்து ஏறிக்கொண்டு, வாய் நிறையப் பாடுகிறாள். பாட்டு கீழே இறங்க வேண்டிய இடத்தில் அழகாக இறங்கியது, குரல் எங்கேயும் போகவில்லை, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றுவதுபோல் விழுந்தது. அத்தை நாற்காலியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். கார் தெருமுனை திரும்பிவிட்டது. "ஏங்க! ஏங்க!" என்று நடுத்தெருவில் நின்று கத்தியதுதான் மிச்சம்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவர் காவலாளியின் அறைக்குள் நுழைந்தார். "இப்பப் பாடினாளே, கேட்டீங்களா? இதையே கீழ பாடும்போது ஏன் வரலை?"

காவலாளி ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அது கட்டை வேற அத்தை."

"என்ன கட்டை?"

"ஒவ்வொரு குரலுக்கும் நிக்கறதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. அதுதான் கட்டை. தையல்காரர் ஒண்ணாம் கட்டையில பாடறவரு, இதோ பாருங்க, இங்க." அவர் ஒரு கட்டையை அழுத்தினார். பெட்டி தாழ்ந்த குரலில் முனகியது. "பாப்பாவுக்கு அதைவிட உசரம், அஞ்சரைக் கட்டை வேணும். இதோ." இன்னொன்றை அழுத்தினார். "அது தானா பாடும்போது தன் இடத்துல பாடுது. அவரு எதிர்ல நின்னா அவரு இடத்துக்கு இறங்கப் பாக்குது. அந்தப் பள்ளத்துல அது எப்படி நிக்கும்? காத்துதான் வரும்."

"அந்த டீச்சருக்கு இது தெரியாதா?"

"தெரியாம இருக்குமா? உன் இடத்துல பாடிக் காட்டும்மான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவசரம்."

"உங்களுக்கு இது எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆரம்பத்துலேர்ந்தே. படிக்கட்டு வழியா எல்லாம் என் காதுலதானே விழுது. மேல நர்ஸம்மாகிட்ட போறானுங்களே ரெண்டு பசங்க, மீசை முளைக்கற வயசு. அந்தம்மா உசரத்துக்குக் கத்திக் கத்தித் தொண்டையே கட்டிக்கிச்சு."

அத்தையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "தெரிஞ்சா சொல்ல வேண்டாமா? ஒரு வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

காவலாளி நிதானமாகத் துணியை மடித்தார். "நீங்கதானே சொன்னீங்க, ஒருத்தர் விஷயத்துல இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு."

கடையில் அத்தை நாள் முழுக்கச் சொல்லுகிற பாட்டு என்ன? அண்ணன் கண்ணாடியைத் தம்பிக்கு மாட்டாதீங்க, அப்பா கண்ணாடி சும்மா கெடக்கேன்னு எடுத்து மாட்டாதீங்க, அவங்கவங்க கண்ணுக்கு அவங்கவங்க பவர். அப்படிச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர், இங்கே ஒரு கட்டடப் பிள்ளைகளுக்கே அடுத்தவர் கண்ணாடியை மாட்டிவிட்டு, நன்றாகப் பார், நன்றாகப் பார் என்று ஒரு வருடம் முதுகில் தட்டியிருக்கிறார். அதுவும் எதை வைத்து? எந்த மாடியில் குடியிருக்கிறார்கள் என்பதை வைத்து!

மறுநாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி இசைப்பள்ளிக்குப் போனார். ஆசிரியை உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், முழுவதும் கேட்டுக்கொண்டார். தான் கேட்டிருக்க வேண்டும் என்றும் ஒத்துக்கொண்டார். "ஆனா நேத்து சாயங்காலமே எல்லா இடமும் முடிஞ்சுது. முடிவு சொல்லிட்டோம். சேந்த பிள்ளையை இனிமே போன்னு சொல்ல முடியுமா?"

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் அவளுக்கு ஒன்பது ஆயிடுமேம்மா."

அத்தைக்கு அழுகை வரவில்லை. அழுதாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும். திரும்பி வருகிற வழியெல்லாம் 'அடுத்த வருஷம்' என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவனைத் திட்டிக்கொண்டே வந்தார். வீட்டில் கணவர் சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு..." என்று ஆரம்பித்தார். "கண்ணைப் பத்தி என்கிட்ட யாரும் பேச வேண்டாம்" என்றார் அத்தை.

அதைவிடப் பெரிய இடி சிட்டுவின் வீட்டில் விழுந்தது. "விடுங்கக்கா" என்றார் அவள் அம்மா. சமையலறை ஈரம் கையில் காயாமல் கதவருகே நின்றிருந்தார். "அவ்வளவு பெரிய டீச்சரே சொல்லிட்டாங்க. எங்க வம்சத்துலயே யாருக்கும் பாட்டு வராது. நானும் அவகிட்ட சொல்லிட்டேன், உனக்கு வராதாம், விட்டுடுன்னு." அத்தை கட்டையைப் பற்றி, சுருதியைப் பற்றி, காவலாளி சொன்னதையெல்லாம் சொன்னார். அந்தத் தாய் மரியாதைக்குத் தலையாட்டினார். அவருக்கு ஒன்றுமே புரியவில்லை. சிட்டு உள்ளே எதையோ வரைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்கப் படிக்கட்டில் சத்தம் இல்லை. சிட்டு ஒவ்வொரு படியாக நடந்து இறங்கினாள். பாட்டு வராது என்று தெரிந்துகொண்ட பிள்ளைக்கு, பாடுவது தப்பு என்றும் தோன்றிவிட்டது. அத்தைக்கு இடம் போனதுகூட இரண்டாம் பட்சமாகிவிட்டது. இந்தப் பிள்ளை இன்னொரு தடவை வாயைத் திறக்காமலே போய்விடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. தன் வீட்டில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பயம் கூடியது.

சரி, வழி ஒன்று இருக்கிறதே. நர்ஸம்மாவின் குரல் சிட்டுவுக்கு ஒத்துவரும். மீசைக்காரப் பையன்களுக்குத் தையல்காரர் ஒத்துவருவார். மாற்றிவிட்டால் முடிந்தது. சின்னக் குழந்தைக்கும் புரிகிற இந்த விஷயத்தைச் சொல்ல அத்தை மூன்றாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் ஏறி இறங்கியதில் முழங்கால் தேய்ந்தது.

"அந்தம்மாகிட்டயா அனுப்பறது?" என்றார் தையல்காரர்.

"சட்டைக்கே அளவு தெரியாத மனுஷன், என் பசங்க குரலுக்கு என்ன அளவு எடுப்பாரு?" என்றார் நர்ஸம்மா.

அத்தை மறுபடியும் மூன்றாம் மாடிக்கு வந்தபோது அவருக்குப் பொறுமை போய்விட்டிருந்தது. "அண்ணே, உங்க சண்டையை நீங்க வச்சுக்கங்க. அந்தக் குழந்தை வாயே திறக்கறதில்ல. அது உங்க கண்ணுல படுதா இல்லையா?"

தையல்காரர் மிதிப்பதை நிறுத்தினார். "அப்ப நான்தான் அவளைக் கெடுத்துட்டேன்னு சொல்றீங்க."

"ஆமா. நீங்க, நான், கீழ உக்காந்திருக்காரே இடிச்ச புளி மாதிரி, அவரு, எல்லாரும் சேந்துதான்."

"அவ கட்டைக்கு என் குரல் போகாதும்மா. நானே போகாத ஊருக்கு நான் எப்படி அவளுக்கு வழி சொல்றது?" அவர் குரல் உடைந்தது. அத்தை அதைக் கவனித்தார், ஆனால் இரக்கப்படுகிற நிலையில் அவர் அன்றைக்கு இல்லை. படபடவென்று நான்காம் மாடிக்கு ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த நாள் சாயங்காலமும் லிஃப்ட் ஓடவில்லை. அத்தை கைப்பையையும் காய்கறிப் பையையும் தூக்கிக்கொண்டு ஏறினார். மூன்றாம் மாடியில் தையல்காரர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ பூனையை மிதித்துவிட்டதுபோல் ஒரு சத்தம். எட்டிப் பார்த்தார். தையல்காரர்தான். துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து, மழைப் பாட்டை எட்டாத உயரத்தில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். எதிரே முக்காலியில் சிட்டு, தரையைப் பார்த்தபடி. அவர்தான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார்.

"நீ எங்க வேணா நில்லும்மா. நான் அங்க வர்றேன். வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார். முதல் அடியிலேயே குரல் இரண்டாகப் பிளந்தது. இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. தண்ணீரைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் எடுத்தார், திரும்பவும் பிளந்தது. சிட்டுவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அத்தை பதறினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் சிரிக்கிறாள்.

"மாமா, நீங்க பாடாதீங்க" என்றாள். "சும்மா கேளுங்க."

தையல்காரர் வாயை மூடிக்கொண்டார். அவருக்கு அது பழக்கமில்லை என்பது உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. சுருதி பிடித்துக் கொடுக்கத் தொண்டை வரை வந்ததை விழுங்கினார். மடியில் கிடந்த துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சிட்டு கொஞ்சம் தயங்கினாள். பிறகு யாரையும் பார்க்காமல் தன் இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

பாட்டு முழுவதும் வந்தது. இறங்குகிற இடம் வந்தது, அவளும் இறங்கினாள், திரும்ப ஏறினாள். மேல் மாடியில் யாரோ கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது, நர்ஸம்மாவாக இருக்கலாம். அத்தைக்குச் சந்தோஷம் வரவில்லை. நெஞ்சு எரிந்தது. இவ்வளவும் இந்தச் சின்னத் தொண்டைக்குள் இருந்திருக்கிறது, கேட்க வேண்டிய ஆளைக் கெஞ்சி வரவழைத்து எதிரில் உட்காரவைத்தும் கேட்க வைக்க முடியவில்லையே என்று எரிந்தது. பாட்டு முடிந்ததும் சிட்டு முக்காலியிலிருந்து குதித்து, தண்ணீர் குடிக்க உள்ளே ஓடினாள்.

அத்தை பையைக் கீழே வைத்தார். "இதை அன்னைக்கு அந்த டீச்சர் முன்னாடி பாடியிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

தையல்காரர் தலையை நிமிர்த்தவில்லை. "அன்னைக்கு இவ எங்கேம்மா பாடினா?" என்றார். "ஒரு வருஷமா நான்தானே பாடிக்கிட்டிருந்தேன்."